ஒரு திவசம் நடக்கும், ஒரு திவசம் ஓடும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல மக்களே. மார்ச் முடிஞ்சா ஆடிட், ஆடிட் முடிஞ்சா இன்ஸ்பெக்ஷன்னு ஆணி புடுங்கறதுலயே பொழுது போயிடுது. "திருவனந்தபுரம் என்ன சீமையிலயா இருக்கு? ஒரு ராத்திரி ரயில்ல ஏறினா கும்மோணம் வரத் தெரியாதா உனக்கு?"ன்னு அம்மா போன்ல கேக்கறதை நிறுத்தவே இல்ல. வரணும். லீவு கிடைக்கணும்.

இன்னைக்கு எழுதப் போறது கம்ப்யூட்டர் மவுஸைப் பத்தி. அதோட வேகத்தை எப்படி வெச்சுக்கறதுங்கறதைப் பத்தி. தங்கமணி எட்டிப் பாத்துட்டு, "இதுக்கெல்லாமா உக்காந்து எழுதுவாங்க?"ன்னு கேட்டாங்க. முழுக்கப் படிச்சுட்டு சொல்லுன்னேன். காபியை வெச்சுட்டுப் போயிட்டாங்க.

மவுஸுக்குத் தமிழ்ல சுட்டின்னு பேரு வெச்சவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. சுட்டிக் காட்டறதும் சுட்டி, சொன்ன பேச்சு கேக்காத பிள்ளையும் சுட்டி. எங்க கிளையில இருந்தது ரெண்டாவது ரகம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பி.காம் முடிச்சு 2004ல நான் க்ளார்க்கா வேலைக்குச் சேந்தப்ப எங்க கிளையில மவுஸுக்கு வேலையே கிடையாது. கறுப்புத் திரை, அதுல எழுத்து மட்டும். எஃப்-ரெண்டு அழுத்தினா ஒண்ணு, எஸ்கேப் அழுத்தினா ஒண்ணு. கண்ணு வவுச்சர் மேல இருக்கும், கை பாட்டுக்கு விசைப்பலகையில ஓடும். அதுக்கும் முந்தின தலைமுறைக்கு இந்த மெஷினே சண்டை போட்டு வந்த சமாச்சாரம். 1983ல சங்கங்களோட ஒப்பந்தம், 1984ல ரங்கராஜன் கமிட்டி அறிக்கை, அப்புறம் 1987ல இன்னொரு ஒப்பந்தம்னு பேசிப் பேசித்தான் வங்கிக்குள்ள கம்ப்யூட்டரே நுழைஞ்சுது. எங்க சீனியர்கள் அதையெல்லாம் சுதந்திரப் போராட்டம் மாதிரி சொல்லுவாங்க. பிறகு கோர் பேங்கிங் வந்தது, எல்லாம் பிரவுசருக்குள்ள போச்சு, மெனுவைத் தேடிப் பிடிச்சு சொடுக்கற காலம் ஆச்சு. மவுஸை எப்படிப் பிடிக்கணும்னு யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததா எனக்கு ஞாபகம் இல்ல. தானா வரும்னு விட்டுட்டோம்.

இப்ப சேச்சி கதைக்கு வரேன். எங்க கிளையில ஒரு சேச்சி. பதினெட்டு வருஷம் அட்டெண்டரா இருந்தவங்க. லெட்ஜர் தூக்கி, செக் கட்டு கட்டி, மேனேஜருக்கு டீ வாங்கி வந்து, பரீட்சை எழுதி, ஐம்பது வயசுக்கு மேல க்ளார்க் ஆனவங்க. கவுன்ட்டர்ல அவங்க பேர் போட்ட பலகையை வெச்ச முதல் நாள் மகளும் பேத்தியும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்னு பாத்துட்டுப் போனாங்களாம். நான் இங்க மாத்தலாகி வர்றதுக்கு முன்னாடி நடந்தது. ஆனா கிளையில எல்லாரும் சொல்லுவாங்க.

நான் வந்தப்ப நிலைமை வேற. சேச்சி கவுன்ட்டர்ல கூட்டம் நகராது. மத்த கவுன்ட்டர்ல மூணு டோக்கன் போனா இவங்ககிட்ட ஒண்ணு போகும். ரெண்டு தடவை பேர் பட்டியல்ல ஒரு வரி கீழ இருக்கறவங்களைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. பாஸ் பண்றப்ப நான் பிடிச்சதால தப்பிச்சோம். இன்னொரு தடவை மேலேருந்து கீழ விழற பட்டியல்ல தெரியாம சக்கரத்தை உருட்டி, டெபாசிட் வகையே மாறிப்போச்சு. அதுவும் பிடிபட்டது. ஆனா எத்தனை நாள் பிடிச்சுக்கிட்டே இருக்கறது? பணம் சமாச்சாரம்.

கேட்டா சேச்சி சொல்ற பதில் ஒண்ணே ஒண்ணுதான். "சாரே, இந்த மவுஸ் ஒரு திவசம் நடக்கும், ஒரு திவசம் ஓடும்."

மலையாளத்துல திவசம்னா நாள். எனக்கு இங்க வந்து இத்தனை வருஷமாகியும் அந்த வார்த்தை காதுல விழுந்தா வாத்தியார், எள்ளு, வாழை இலைதான் ஞாபகத்துக்கு வருது. முதல் தடவை கேட்டப்ப சிரிச்சே சிரிச்சுட்டேன். அவங்களும் சிரிச்சாங்க, எதுக்குன்னு தெரியாம. நான் சிரிச்சதோட விட்டேனே தவிர, சொன்னதைக் காதுல வாங்கிக்கல.

வாங்கவே இல்லைன்னு சொல்ல முடியாது. ஏஎம்சி எஞ்சினியருக்கு ரெண்டு தடவை போன் போட்டு வரவெச்சேன். வந்தார், கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார், மவுஸை நாலு சுத்து சுத்தினார், "ஒரு கொழப்பமும் இல்லா சார்"னு சொல்லி ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்கிக்கிட்டார். போறப்ப என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. சேச்சிக்குப் பழக்கம் போதலைங்கற அர்த்தம். நானும் பதிலுக்குச் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இப்ப நினைச்சாலும் குறுகுறுங்குது.

அப்புறம் ஒரு வாடிக்கையாளர் எழுத்துல புகார் கொடுத்தார். யாருக்கு எந்த ஸீட்டுன்னு ஆர்டர் போடறது என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் சேச்சியைக் கூப்பிட்டு, திங்கள்லேருந்து நீங்க தபால் பிரிவைப் பாத்துக்கங்க, டென்ஷன் இல்லாத ஸீட்டுன்னு பக்குவமா சொன்னதா நினைச்சுக்கிட்டு சொன்னேன். தபால் பிரிவுங்கறது அவங்க அட்டெண்டரா இருந்தப்ப உக்காந்த அதே மேஜை. எனக்கு அது அப்ப தெரியாது. "சரி சாரே"ன்னாங்க. மறுநாள் லீவு சொல்லிட்டாங்க.

மறுநாள் முதல் சனிக்கிழமை. 2015லேருந்து ரெண்டாவது, நாலாவது சனிதான் எங்களுக்கு லீவு. மத்த சனி முழு நாள் வேலை. மாச ஆரம்பம் வேற, பென்ஷன் வாங்க வர்ற பெரியவங்க கூட்டம். கை இல்ல. சரின்னு நானே சேச்சி கவுன்ட்டர்ல உக்காந்தேன். நான் என்ட்ரி போட மேனேஜர் பாஸ் பண்ணுவார்னு ஏற்பாடு.

காலையில ஒரு மணி நேரம் சும்மா பறந்தேன். பாத்தீங்களா, ஆள் உக்காந்தா கவுன்ட்டர் ஓடும்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. பதினொண்ணரை இருக்கும். திடீர்னு அம்புக்குறி கையில நிக்கல. ஒரு நூல் நகத்தினா திரையோட அந்தக் கோடிக்குப் போகுது. சின்னக் கட்டத்துல டிக் அடிக்கப் போனா தாண்டிப் போகுது, திரும்பினா இந்தப் பக்கம் தாண்டுது. ஒரு ரிடையர்டு வாத்தியார் என் கையையே பாத்துக்கிட்டு இருந்தவர், "சாரும் சேச்சியும் ஒரே ஸ்கூல்லயா படிச்சீங்க?"ன்னு மலையாளத்துல கேட்டார். க்யூ முழுக்க சிரிப்பு.

மூஞ்சி சிவந்து போச்சு. மவுஸைத் தூக்கிப் பாத்தேன். சக்கரத்துக்குக் கீழ, நடு விரல் தானா போய் விழற இடத்துல, மிளகு அளவுக்கு ஒரு பட்டன். அழுத்தினேன், அம்புக்குறி நடந்தது. மறுபடி அழுத்தினேன், வேகமா நடந்தது. இன்னொரு தடவை, ஓடிச்சு. இன்னொரு தடவை, பறந்தது. ஒரு திவசம் நடக்கும், ஒரு திவசம் ஓடும்.

பழைய மவுஸ் கெட்டுப் போனப்ப யாரோ கடையில இருந்து வாங்கிப் போட்ட மவுஸ் அது. விளையாடறவங்களுக்குன்னு செஞ்சது. அந்தப் பட்டனுக்குப் பேர் டிபிஐ பட்டன். அதாவது, மவுஸை ஒரு அங்குலம் நகத்தினா அது கம்ப்யூட்டருக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்பணும்னு மாத்தற பட்டன். அந்த மவுஸ்ல 800, 1600, 2400, 3200னு நாலு படி. சேச்சி சக்கரத்தை உருட்டறப்பெல்லாம் விரல் வழுக்கி அதுல பட்டிருக்கு. இன்னும் கொடுமை என்னன்னா, மின்சாரம் போய் வந்தா இந்த மவுஸ் தானா 800க்கே திரும்பிடும். எஞ்சினியர் வந்ததும் செய்யற முதல் வேலை என்ன? ஆஃப் பண்ணி ஆன் பண்றது. அப்புறம் அவருக்கு எப்படிக் கொழப்பம் தெரியும்?

கணக்கு நம்ம தொழில், அதனால கணக்காவே சொல்றேன். இப்ப பரவலா இருக்கற திரையோட அகலம் 1920 புள்ளி. விண்டோஸ்ல வேகக் கோட்டை நடுவுல வெச்சா ஒரு எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி நகரும். 800 டிபிஐன்னா திரையை ஒரு ஓரத்துலேருந்து மறு ஓரம் கடக்கக் கை 2.4 அங்குலம் நகரணும், ஆறு சென்டிமீட்டர் சொச்சம். 3200ன்னா 0.6 அங்குலம், ஒண்ணரை சென்டிமீட்டர். ஒண்ணரை சென்டிமீட்டருக்குள்ள முழுத் திரையும் அடங்கினா, அதுல ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல மயிரிழைதான் இருக்கும். ஐம்பத்தஞ்சு தாண்டின விரல், பத்து பேர் முறைச்சுக்கிட்டு நிக்கறப்ப, அந்த மயிரிழையைப் பிடிக்கணும். பிடிக்கலைன்னா "ஸ்லோ".

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதையேதான் நோண்டிக்கிட்டு இருந்தேன். மவுஸை உருவாக்கினது அமெரிக்காவுல டக்ளஸ் எங்கல்பார்ட். 1964 வாக்குல பில் இங்கிலீஷ்ங்கறவர் அதை மரக்கட்டையில செஞ்சு கொடுத்தார், அடியில ரெண்டு சக்கரம், மேல ஒரே ஒரு பட்டன். 1968 டிசம்பர் 9ந் தேதி சான்பிரான்சிஸ்கோவுல ஊரறியக் காட்டினாங்க. அதுக்கு முன்னாடியே லைட் பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால நகத்தற கருவின்னு பலதையும் வெச்சு ஆட்களை உக்கார வெச்சு சோதிச்சிருக்காங்க. பழகின கைகள்ல மவுஸ்தான் ஜெயிச்சது. ஆனா புதுசாத் தொட்டவங்க கையில அது முதல் இடம் வாங்கல. செஞ்சவங்களுக்கே தெரிஞ்ச விஷயம் அது. நாம என்னடான்னா பிறந்த குழந்தையும் மவுஸ் பிடிக்கும்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

அப்பத்தான் என் தோள் வலி விஷயமும் வெளியே வந்தது. வீட்ல சாயந்திரம் கம்ப்யூட்டர்ல உக்காந்தா வலது தோள்பட்டை பிடிச்சுக்கும், நாப்பத்தஞ்சு வயசாச்சுன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். பையன் அதே மெஷின்ல துப்பாக்கி சுடற விளையாட்டு ஆடுவான். விளையாடற பசங்க மவுஸை மின்னல் வேகத்துல வெச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். தலைகீழ். குறி பிசகக் கூடாதுன்னு அவங்க குறைச்சு வெச்சு, முழங்கையையே நகத்தி ஆடறாங்களாம். அவன் வெச்சிருந்தது 400. அப்ப திரையைக் கடக்க 12 சென்டிமீட்டர். அவனுக்குப் பாய் மாதிரி ஒரு மவுஸ் விரிப்பு இருக்கு, ஆடி முடிச்சதும் பத்திரமா சுருட்டி உள்ள வெச்சுடுவான். எனக்குக் கீபோர்டு பக்கத்துல மிஞ்சறது ஒரு சாண் இடம். அதுல மவுஸைத் தள்றது, தூக்கறது, திரும்ப வைக்கறது, மறுபடி தள்றது. அம்மி அரைக்கற மாதிரி. தோள் வலிக்காம என்ன செய்யும்?

ஆக, சேச்சிக்கு வேகம் கூடிப்போச்சு, எனக்குக் குறைஞ்சு போச்சு. ரெண்டு பேரும் அவங்கவங்க கையைத்தான் குறை சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம். சேச்சி விஷயத்துல நானும் சேந்து சொன்னேன்.

சரி, எப்படி வெச்சுக்கறது? வெளியூர்ல ஐடியில இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும், தாண்டிப் போயிடுங்க. ஊர்ல அப்பா அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கறவங்க மட்டும் படிங்க. முதல்ல மவுஸ்ல அந்த மிளகுப் பட்டன் இருக்கான்னு பாருங்க. பெரியவங்களுக்குப் பட்டன் இல்லாத சாதா மவுஸே உத்தமம், காசும் குறைச்சல். அடுத்து கன்ட்ரோல் பேனல்ல மவுஸ், அதுல பாயின்ட்டர் ஆப்ஷன்ஸ். பதினோரு கோடு போட்ட ஒரு தண்டவாளம் இருக்கும். அதை நடுவுல, ஆறாவது கோட்டுல வைங்க. அதுக்கு மேல தள்ளத் தள்ள ஒரு எண்ணிக்கைக்கு ஒண்ணரை, ரெண்டுன்னு கூடி, கடைசிக் கோட்டுல மூணரைப் புள்ளி தாவும். நடுவுல இருக்கற புள்ளிகள்ல நிக்கவே நிக்காது. வேகம் வேணும்னா மவுஸ்ல கூட்டுங்க, தண்டவாளத்துல வேண்டாம்ங்கறது என் கட்சி.

அதுக்குக் கீழயே "என்ஹான்ஸ் பாயின்ட்டர் பிரிசிஷன்"னு ஒரு டிக் இருக்கும். எக்ஸ்பி காலத்துலேருந்தே டிக் அடிச்சேதான் வரும். பேரைப் பாத்தா துல்லியத்தைக் கூட்டற மாதிரி தெரியும். செய்யறது என்னன்னா, கையை வேகமா நகத்தினா அம்புக்குறியைக் கூடுதல் தூரம் கொண்டு போகும், மெதுவா நகத்தினா குறைச்சுக் கொண்டு போகும். வருஷக் கணக்கா பழகினவங்களுக்கு அது சௌகரியம், எடுக்க வேண்டாம். இப்பத்தான் கத்துக்கறவங்களுக்கு எடுத்துடுங்க. இத்தனை நகத்தினா இவ்வளவு போகும்னு கைக்கு ஒரே கணக்கு இருந்தாத்தானே மனசுல பதியும்? படி அளவு தினம் மாறினா கடைக்காரன் என்ன பண்ணுவான்?

அப்புறம் ஒரு சின்னப் பரீட்சை. முழங்கையை உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு, இடது கீழ் மூலையிலேருந்து வலது மேல் மூலையில இருக்கற பெருக்கல் குறிக்கு ஒரே இழுப்புல போங்க. நடுவுல மவுஸைத் தூக்க வேண்டி வந்தா வேகம் போதல. தாண்டிப் போய்த் திரும்பி வந்தா வேகம் கூடுதல். ஒரு படி மாத்துங்க, மூணு நாள் அப்படியே விடுங்க. மணிக்கு ஒரு தடவை மாத்தினா கை எதையும் கத்துக்காது. நான் வீட்ல 1000ல நிறுத்தினேன், அஞ்சு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல் வருது. பெரிய திரை இருந்தா இன்னும் கூட்டணும், உங்க மேஜை, உங்க கை.

பெரியவங்களுக்கு வேகத்தை விட முக்கியமானது டபுள் கிளிக். அதே பெட்டியில பட்டன்ஸ்ங்கற பக்கத்துல ஒரு ஃபோல்டர் படம் இருக்கும், ரெண்டு தடவை சொடுக்கினா திறக்கும், மூடும். அது திறக்கற வரைக்கும் வேகத்தைக் குறைச்சுக் கொடுங்க. அம்புக்குறியையும் பெரிசாக்கிடுங்க. 1954லயே பால் ஃபிட்ஸ்ங்கறவர் சொல்லிட்டார், இலக்கு சின்னதாவும் தூரமாவும் ஆக ஆகத் தொட எடுக்கற நேரமும் கூடும்னு. எழுத்தையும் கட்டத்தையும் பெரிசாக்கினா பாதி பிரச்சனை வேகத்துக்குப் போகாமலே தீரும். கன்ட்ரோல் கீயை அழுத்தினா அம்புக்குறி எங்கன்னு வட்டம் போட்டுக் காட்டற வசதியும் அங்கயே இருக்கு. எங்கம்மாவுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. "திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளையைக் கண்டுபிடிச்ச மாதிரி இருக்குடா"ங்கறா.

திங்கட்கிழமை கொஞ்சம் சீக்கிரமே போயிட்டேன். வழியில ஸ்டாச்சூ பக்கம் ஒரு கடையில பட்டன் இல்லாத மவுஸ் ஒண்ணு, முன்னூறு ரூபாய்க்கு. பில்லை ஆபிஸ் செலவுல போடல. சேச்சி வந்தாங்க. நேரா தபால் மேஜைக்குப் போய்ப் பையை வெச்சாங்க. நான் போய், சேச்சி, உங்க கவுன்ட்டருக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். பழைய மவுஸைக் கையில கொடுத்து, பட்டனை அழுத்தச் சொல்லி, அம்புக்குறி நடக்கறதையும் ஓடறதையும் காட்டினேன். ரெண்டு மூணு தடவை அழுத்திப் பாத்தாங்க. எல்லாரும் வந்துட்ட நேரம். நான்தான் தப்பா நினைச்சுட்டேன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும்னு பஸ்ல வர்றப்பவே ஒத்திகை பாத்து வெச்சிருந்தேன். தொண்டையிலேருந்து வந்தது பாதிதான்.

"ஞான் பறஞ்ஞதல்லே சாரே"ன்னாங்க. நான்தான் சொன்னேனேன்னு அர்த்தம். கோபமா சொல்லல. கோபமா சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை டைப் அடிச்ச ஆர்டர் என் மேஜை டிராயர்லயே கிடந்தது, கையெழுத்துப் போடாம. கிழிச்சேன். பேர்ப் பலகையை அட்டெண்டர் பையன் எடுத்து ஸ்டோர்ல வெச்சிருந்தான், அதைத் துடைச்சுத் திரும்ப வெச்சோம். ஒரே நாள்ல சேச்சி பறந்தாங்கன்னு சொன்னா அது சினிமா. மூணு வாரம் ஆச்சு. இப்பவும் பக்கத்து கவுன்ட்டர் அளவுக்கு வேகம் கிடையாது. ஆனா தப்பான வரி விழல, வாத்தியாரும் அந்த க்யூவுலதான் நிக்கறார்.

சேச்சிக்கு இன்னும் ஏழு மாசம் சர்வீஸ் இருக்கு. அந்தப் பழைய மவுஸை என்ன செய்யறதுன்னு கேட்டேன். பேத்தி அரசுப் பள்ளியில லிட்டில் கைட்ஸ்ல இருக்காளாம், கம்ப்யூட்டர்ல புலியாம், அவளுக்குக் கொடுக்கலாமான்னு கேட்டாங்க. ஆபிஸ் சொத்து, டெட் ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இருக்கு சேச்சி, கொடுக்க முடியாதுன்னேன். அதுக்கும் "சரி சாரே"தான். இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே.